கிட்டங்கி வீதியிலிருந்து வட்டியில்லா வங்கிக்கு

மலேசியாவில் இஸ்லாமிய வங்கியொன்றில் கணக்கு வைத்திருப்பவர் அவசியம் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதுவது, சைவ ஓட்டலில் இலை போட்டு உட்கார்ந்தவரெல்லாம் சிவதீட்சை பெற்றவர் என்று கொள்வதைப் போன்றது. பினாங்கிலோ ஈப்போவிலோ அப்படிப்பட்ட வங்கியின் முன்கூடத்தில் ஒரு நாழிகை நின்று பார்ப்பவருக்குச் சீனக் கடைக்காரரும், தமிழ்ப்பள்ளி ஆசிரியையும், வீட்டுக்கடனுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் இளந்தம்பதிகளும் தங்கள் எண் எப்போது வரும் என்று காத்திருக்கும் காட்சி அதிசயமாகப் படாது. வட்டியை மார்க்கம் விலக்கியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஏற்பட்ட ஸ்தாபனத்துக்கு, அந்த விலக்கினால் கட்டுப்படாத ஜனங்கள் எப்போது, எதை நம்பி, எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்பதை விசாரித்துக்கொண்டே போனால், அது மலாயாவில் கடன் கொடுத்தவர்களும் கடன் வாங்கியவர்களும் நூற்றைம்பது வருஷகாலமாக நடத்திய வியவகாரத்தின் சரித்திரமாகவே விரிந்துவிடுகிறது. அவர்களைப் பிரசாரம் அழைத்து வந்தது என்று சொல்வார் உண்டு. கணக்குத்தான் அழைத்து வந்தது என்பது என் அபிப்பிராயம்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில், தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் 1801-இல் தோற்றுவித்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், அதற்குச் சமீபத்தில் சீனர்களின் கருணைத் தேவதையான குவான் யின் கோயிலும், பின்புறத்து வீதியில் மகாமாரியம்மன் கோயிலும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. அந்த மூன்றுக்கும் கூப்பிடு தூரத்தில் பினாங்கு வீதி இருக்கிறது. வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் என்னும் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த வீதி அது; தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீடும் அங்கேதான். கிட்டங்கி என்பது நீளமான ஒரே கூடம். அதிலே ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடைக்கும், ஒரு பாய் விரிக்கும் இடம், ஒரு தாழ்ந்த சாய்வுமேசை, ஒரு மரப்பெட்டி. பகலில் அந்தப் பெட்டியே வங்கி, இரவில் அதன் பக்கத்திலேயே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோருக்கும் படுக்கை. நகரத்தார் கூடி அவ்வப்போது நிர்ணயிக்கும் நடப்பு வட்டியை ஆதாரமாகக் கொண்டு, அதற்குமேல் ஆளைப் பார்த்து, ஈட்டைப் பார்த்து, நாளைப் பார்த்து வட்டியைக் கூட்டுவதும் குறைப்பதுமாக அங்கே நடந்த வியாபாரம், ஐரோப்பிய வங்கிகள் ஏறெடுத்தும் பாராத சிறு தோட்டக்காரருக்கும், சீனச் சுரங்க முதலாளிக்கும், வயல் வைத்திருந்த மலாய்க் குடியானவருக்கும் பணம் புரட்டிக் கொடுத்தது.

மலாய்க் குடியானவரின் நிலை விபரீதமானது. வட்டி வாங்குவது பாவம் என்று அறிந்திருந்த அவர் வட்டி வாங்காமலிருக்க முடிந்ததே அல்லாமல், வட்டி கொடுக்காமலிருக்க முடியவில்லை. விளைச்சல் பொய்த்த வருஷத்திலும், கல்யாணச் செலவு வந்த வருஷத்திலும் பட்டாவைக் கொண்டுபோய்க் கிட்டங்கியில் வைத்தார். வைத்த பட்டா பலருக்குத் திரும்பவில்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் ஆங்கிலேய அதிகாரிகள் 1913-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஒதுக்கப்பட்ட பகுதிகளிலே மலாய்க்காரரின் நிலம் மற்றவர் கைக்கு மாறக்கூடாது என்று தடுத்ததற்கு இந்த அடமான வியவகாரம் முக்கியமான காரணங்களில் ஒன்று. ஆகவே மலாய்க் கிராமத்தாரின் ஞாபகத்திலே தமிழர் என்றால் இரண்டு உருவங்கள் நின்றன: ரப்பர் மரம் சீவுகிற தொழிலாளி ஒன்று, வட்டிக் கணக்கு எழுதுகிற செட்டியார் மற்றொன்று. பிற்காலத்தில் வட்டியில்லாத வங்கியின் வாசலில் அந்தத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகளும், ஏன், அந்தச் செட்டியாரின் பேரப்பிள்ளைகளும்கூட நிற்பார்கள் என்று அக்காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் இரு தரப்பாரும் சிரித்திருப்பார்கள்.

வட்டியைத் தொடக்கூடாது என்ற சங்கற்பம் மலாய்க்காரர்களைப் பெரும்பாலும் வங்கியைவிட்டே விலக்கி வைத்திருந்தது. ஹஜ் யாத்திரை போக விரும்புகிறவர் பல வருஷம் சேமித்த பணத்தைத் தலையணைக்கடியிலும் பெட்டியிலும் பதுக்கி வைத்தார். அதுவும் போதாதென்று வயலையும் கால்நடையையும் விற்றுக் கப்பலேறினார். திரும்பி வந்தபோது புண்ணியம் இருந்தது, பிழைக்க வழி இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர் உங்கு அஸீஸ் இந்த அவலத்தை ஆராய்ந்து 1959-இல் ஒரு திட்டம் எழுதினார். யாத்திரிகர்கள் சிறுகச் சிறுகக் கட்டும் பணத்தை ஒரு பொது ஸ்தாபனம் திரட்டி, வட்டிக்கு விடாமல், நியாயமான தொழில்களில் முதலீடு செய்து, வருகிற லாபத்தைப் பங்கிட வேண்டும் என்பது அதன் சாராம்சம். அந்த யோசனையின்படி ஹஜ் சேமிப்புக் கழகம் 1963 செப்டம்பரில் ஆரம்பமானபோது 1,281 பேர், மொத்தம் 46,600 வெள்ளி செலுத்தியிருந்தார்கள். பினாங்கில் 1951 முதல் இயங்கிவந்த யாத்திரை அலுவலகத்துடன் 1969-இல் அது இணைந்து, இன்று நாடறிந்த தாபோங் ஹாஜியாயிற்று. ஏறத்தாழ அதே சமயத்தில், 1963-இல், எகிப்தின் மித் கம்ர் என்னும் சிற்றூரில் அஹ்மத் அல்-நஜ்ஜார் வட்டியில்லாச் சேமிப்பு வங்கியொன்றைத் திறந்தார். ஒருவரையொருவர் பாராமல் இரண்டு தேசங்களில் ஒரே எண்ணம் முளைத்தது என்றுதான் தோன்றுகிறது. எகிப்தியப் பரிசோதனை சில வருஷங்களிலே முடிந்துபோயிற்று. மலாயாவில் நடந்தது வேரூன்றியது.

வங்கி என்ற பெயரோடே ஒரு ஸ்தாபனம் எழுவதற்கு இன்னும் இருபது வருஷம் பிடித்தது. 1981 ஜூலையில் ராஜா முகார் தலைமையில் தேசிய வழிகாட்டும் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை மறுவருஷம் ஜூலையில் வெளிவர, 1983-இல் இஸ்லாமிய வங்கிச் சட்டம் நிறைவேறி, அவ்வருஷம் ஜூலை 1-ஆம் தேதி பேங்க் இஸ்லாம் மலேசியா தன் கதவைத் திறந்தது. டாக்டர் மகாதீர் பிரதமராகி இரண்டாண்டுகூட ஆகாத காலம். அரசாங்கத்தின் பல துறைகளில் இஸ்லாமிய நெறியைப் புகுத்தும் முயற்சிகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தன. அந்த வரிசையிலே ஒன்றாகத்தான் இந்த வங்கியையும் சீனரும் இந்தியரும் எண்ணினார்கள். நம்மை நோக்கி வருகிற ஒன்றா, நம்மை ஒதுக்கி வைக்கிற ஒன்றா என்ற சந்தேகம் அவர்களுக்கு நியாயமாகவே எழுந்தது. அச்சட்டம் வாடிக்கையாளர் இன்ன மதத்தாராக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. வங்கியின் நோக்கத்திலும் நடவடிக்கையிலும் இஸ்லாம் அங்கீகரிக்காத அம்சம் இருக்கலாகாது என்று மட்டுமே சொல்லிற்று. ஆனால் அதை எடுத்துச் சொல்லுவார் இல்லை. படிவத்திலே அரபுச் சொற்கள் நிறைந்திருந்தன. கிளைகள் பெரும்பாலும் மலாய்க்காரர் வாழும் ஊர்களில் இருந்தன. பத்து வருஷகாலம் வங்கி நடந்தது; பிற மதத்தார் பெரும்பாலோர் அதன் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு அப்பால் போனார்கள்.

அவர்களுக்கு அனுகூலமாக இருந்த ஓர் ஏற்பாட்டை இங்கே குறிப்பிட வேண்டும். மலேசிய அரசியல் சாஸனத்தின்படி இஸ்லாமியச் சட்டம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஷரீஅத் நீதிமன்றங்களின் ஆணை இஸ்லாத்தைத் தழுவியவர்கள்மீது மட்டுமே செல்லும். வங்கித் தொழிலும் வர்த்தக ஒப்பந்தமும் மத்திய அரசின் அதிகாரத்தைச் சேர்ந்தவை. ஆகையால் இஸ்லாமிய வங்கியோடு ஏற்படும் வழக்கு எதுவானாலும் சாதாரணச் சிவில் நீதிமன்றத்துக்கே போகும். கையெழுத்திட்ட சீனரையோ தமிழரையோ காஜியின் முன் நிறுத்துவார்கள் என்று உலவிய பயத்துக்கு ஆதாரமில்லை. இந்த ஒரு விஷயத்தை மூன்று பாஷைகளிலும் அச்சடித்து 1983-இலேயே வீடு வீடாக விநியோகித்திருந்தால் பத்து வருஷம் மிச்சமாகியிருக்கும்.

அப்படி ஒன்றும் செய்யாமலே நிலைமையை மாற்றியது 1993-ஆம் வருஷத்தின் ஏற்பாடு. அவ்வருஷம் மார்ச் 4-ஆம் தேதி, நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, சாதாரண வணிக வங்கிகளும் தம் கிளைகளிலேயே வட்டியில்லாத கணக்குகளை நடத்தலாம் என்ற திட்டத்தைத் தொடங்கி, முதலில் மூன்று பெரிய வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. பிறகு மற்றவையும் சேர்ந்துகொண்டன. வாடிக்கையாளர் புதிய கட்டடத்துக்குப் போக வேண்டியதில்லை. தாம் இருபது வருஷமாகப் போய்வரும் வங்கியின் அதே முகப்பில், அதே குமாஸ்தா, இரண்டு படிவங்களைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டார். கணக்கின் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் ‘ஐ’ என்ற எழுத்தும் ஒட்டியிருந்ததைத் தவிர, பார்வைக்கு வேறு வித்தியாசம் இல்லை. அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கங்கார் ஆகிய வடபகுதி நகரங்களின் வாடிக்கையாளரிடம் நடத்தி 1994-இல் பிரசுரமான ஓர் ஆராய்ச்சி, முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதாரும் ஒரு வங்கியைத் தேர்ந்தெடுக்கும் காரணங்களிலே பெரிய பேதம் இல்லை என்று கண்டது. இருசாராரும் முக்கியமாகப் பார்த்தவற்றில் ஒன்று காரியம் சீக்கிரம் நடக்கிறதா என்பது.

இதற்குள் அங்கே விற்கப்பட்ட சரக்கு என்ன என்பதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வீடு வாங்குகிறவர்களுக்கு ஏற்பட்ட முறை பைஉ பிதமன் ஆஜில், அதாவது தவணை விலைக்கு விற்பது. ஒருவர் 1,00,000 ரிங்கிட் பெறுமானமுள்ள வீட்டை விரும்பினால், வங்கி அவருக்குக் கடன் கொடுப்பதில்லை. அவருக்கு வீட்டின்மேல் உள்ள உரிமையை அந்த விலைக்கு வாங்கி, அதே மூச்சில் 1,80,000-க்கு அவருக்கே திருப்பி விற்கிறது. மாதம் 750 ரிங்கிட் வீதம் 240 தவணையில் அதைக் கட்டித் தீர்க்க வேண்டும். வழக்கறிஞரின் மேஜையில் இரண்டு பத்திரங்கள் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. முதலாவதில் வாடிக்கையாளர் விற்பவர். பக்கத்தைப் புரட்டினால் அவரே வாங்குபவர். பேனாவைக் கீழே வைப்பதற்குள் வீடு கைமாறித் திரும்பி வந்துவிடுகிறது. இது வட்டிதானே, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று கேட்டவர்கள் முஸ்லிம் பண்டிதர்களிலும் உண்டு; மத்தியக் கிழக்குப் பண்டிதர்கள் பலர் விற்றவரே வாங்கும் இந்த வகையை ஒப்புக்கொள்ளவும் இல்லை. சீன வாடிக்கையாளர் அந்தத் தர்க்கத்தில் இறங்கவில்லை. மாதத் தவணை இருபது வருஷமும் மாறாதா என்று மட்டும் கேட்டார். மாறாது என்றார்கள்.

அந்தப் பதிலின் மதிப்பு 1997-ஆம் வருஷத்துப் பொருளாதார நெருக்கடியில் விளங்கியது. இரண்டரை ரிங்கிட்டுக்கு ஒரு டாலர் என்றிருந்த நாணயம் சரிந்து, முடிவில் 1998 செப்டம்பரில் 3.80 என்று கட்டி வைக்கப்பட்டது. அதற்கு முன் வங்கிகளின் அடிப்படை வட்டி விகிதம் 12 விழுக்காட்டைத் தாண்டிற்று. மாறும் வட்டிக்கு வீட்டுக்கடன் வாங்கியிருந்தவர்களுக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்தது, தவணை உயர்ந்தது. பக்கத்து வீட்டிலே தவணை விலைக்கு வாங்கியவருக்குக் கடிதம் வரவில்லை. எந்தப் பிரசங்கமும் எந்த விளம்பரமும் செய்ய முடியாத காரியத்தை அந்த வராத கடிதம் செய்தது. பிற்பாடு வட்டி இறங்கியபோது, மாறாத தவணை பாரமாகிவிட்டது என்று அதே மனிதர்கள் முணுமுணுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2003 வாக்கில், ஓர் உச்சவரம்புக்குள் ஏறியிறங்கும் லாபவிகிதத்தை இஸ்லாமிய வங்கிகள் கொண்டுவந்ததற்கு இந்த முணுமுணுப்பே காரணம். இவற்றோடு, இஸ்லாமிய வீட்டு நிதிப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் அரசாங்கம் கொடுத்த 20 விழுக்காட்டுத் தள்ளுபடியும் சேர்ந்தது. வீடு வாங்கும் கட்டத்தில் கையில் நாலு காசு மிஞ்சுவதை வேண்டாம் என்பார் யார்?

வீட்டு நிதியைக் காட்டிலும் எளிய ஜனங்களிடையே அறிமுகம் உண்டாக்கியது அடகுக்கடை. திரங்கானுவில் 1992 ஜனவரியில் ஓர் இஸ்லாமிய அடகு ஸ்தாபனம் தொடங்கிற்று. கிளந்தானில் மார்ச்சில் மற்றொன்று. மறுவருஷம் பேங்க் ராக்யாட் அதைத் தன் கிளைகளுக்குக் கொண்டுவந்தது. அர்-ரஹ்னு என்று பெயர். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளானபோது, லயத்தைவிட்டு நகரத்து ஓரங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கு என்பது பெயரளவில்தான் இருந்தது. அவர்களின் உண்மையான வங்கி மனைவியின் கையில் இருந்த வளையலும் கழுத்தில் இருந்த சங்கிலியும். ஜனவரியில் பள்ளி திறக்கும்போதும், தீபாவளிக்கு முன்னும் அவை அடகுக்கடைக்குப் போய்வரும். சீட்டுக் கட்டும் கூட்டு முறையை 1971-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்துவிட்ட பிறகும் அது மறைவாக நடந்துகொண்டுதான் இருந்தது என்றாலும், அவசரத்துக்கு நம்பக்கூடியது நகை ஒன்றே. அந்த அடகுக்கடைகள் பெரும்பாலும் சீனருடையவை. 1972-ஆம் வருஷத்து அடகுக்கடைச் சட்டம் மாதம் நூற்றுக்கு 2 வெள்ளி, அதாவது 2 ரிங்கிட், வட்டி வாங்க இடங்கொடுத்தது. ஆறு மாதத்தில் மீட்காவிட்டால், சிறு தொகைக்கு வைத்த பொருள் கடைக்காரருக்கே சொந்தமாகிவிடும்.

அர்-ரஹ்னுவில் நடப்பது வேறு. முகப்பில் நிற்கும் பெண்மணி வளையலைக் கழற்றிக் கொடுக்கிறாள். உத்தியோகஸ்தர் அதை உரைகல்லில் தேய்த்து, அமிலம் ஒரு சொட்டு விட்டு, நிறுத்து, இன்ன மதிப்பு என்று அவள் கண்முன்னே எழுதுகிறார். மதிப்பு 1,600 வெள்ளி என்றும், அதன்மேல் 1,000 வெள்ளி கொடுத்தார்கள் என்றும் கொள்வோம். அந்த ஆயிரத்துக்கு வட்டி இல்லை, அது கைம்மாற்று. ஆனால் நகையைக் காத்து வைப்பதற்குக் கூலி உண்டு. அந்தக் கூலியும் வாங்கிய கடனைப் பொறுத்ததன்று, வைத்த நகையின் மதிப்பைப் பொறுத்தது. மாதம் நூற்றுக்கு 70 சென் என்று வைத்துக்கொண்டால் 1,600-க்கு 11 வெள்ளி 20 சென். சாதாரண அடகுக்கடையிலோ 20 வெள்ளி. ஆறு மாதம் சென்றால் ஒன்று 67 வெள்ளி 20 சென், மற்றொன்று 120. நகை ஏலத்துக்குப் போனாலும், பாக்கி போக மிஞ்சிய பணம் உடையவளுக்கே திரும்புகிறது. ஷரீஅத் பண்டிதர்கள் இதை நான்கு தனித்தனி ஒப்பந்தங்களின் சேர்க்கை என்று விவரிப்பார்கள். அவளுக்கு அந்த நான்கின் பெயரும் தெரியாது. ஐம்பத்திரண்டு வெள்ளி எண்பது சென் மிச்சம் என்பது தெரியும். அதை அவள் அடுத்த வீட்டு அக்காவிடம் சொன்னாள். அறிமுகம் பரவியதற்கு இதைவிடச் சிறந்த உபாயத்தை எந்த வங்கியின் விளம்பர இலாகாவும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

2005-இல் ஏற்பட்ட வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமும், வேண்டுமென்று செய்யாமலே, பிற மதத்தாரை ஈர்த்தது. ஒரு வங்கி நொடித்தால் ஒருவருக்கு 60,000 ரிங்கிட் வரை திரும்பக் கிடைக்கும் என்று முதலில் இருந்த வரம்பு பின்னர் 2,50,000-ஆக உயர்ந்தது. சாதாரணக் கணக்குக்கும் இஸ்லாமியக் கணக்குக்கும் இந்த வரம்பு தனித்தனி. பணத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் போட்டு வைத்தால் காப்பும் இரட்டிப்பாகும் என்பதைச் சேமிப்பில் கைதேர்ந்தவர்கள் கவனிக்கத் தவறவில்லை.

சர்வமும் சுகமாகவே நடந்தது என்று எண்ணிவிடலாகாது. தவணை விலைக்கு வாங்கியவர் இடையிலே கட்டமுடியாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தபோதுதான் அந்த மாறாத விலையின் மறுபக்கம் தெரிந்தது. 2006-இல் தீர்ப்பான வழக்கொன்றிலே, சுமார் 3,94,000 ரிங்கிட் நிதிபெற்றவர் 25 வருஷத்தில் கட்ட ஒப்புக்கொண்ட விலை சுமார் 9,92,000. அவர் 33,000 சொச்சம் கட்டிவிட்டுத் தவறிப்போனார். வங்கி, ஒப்பந்த விலையிலிருந்து அதைக் கழித்து, ஏறக்குறைய 9,58,000 ரிங்கிட் கேட்டது. இனி வரப்போகும் இருபது வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தின் லாபத்தை இன்றைக்கே கேட்டதை நீதிபதி ஏற்கவில்லை. கழிந்த காலத்துக்கு உரியதைத்தான் கொடுத்தார். வட்டிக்கடனாக இருந்திருந்தால் இவ்வளவு கேட்டிருக்க முடியாதே என்ற எண்ணம் வாசிப்பவர் எல்லோருக்கும் எழும். அதே நீதிபதி 2008-இல் இன்னும் ஒரு படி சென்று, பன்னிரண்டு வழக்குகளை ஒருசேர விசாரித்து, இந்த விற்பனை மெய்யான விற்பனையே அன்று என்று தீர்ப்பளித்தார். மறுவருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, விற்பனை விற்பனைதான், அதைக் கடனோடு ஒப்பிடுவது முறையன்று என்றது. அந்த மேல்முறையீட்டின் தலைப்பிலே வங்கிக்கு எதிராக நிற்பது ஒரு சீனப்பெயர். இஸ்லாமிய வர்த்தக நெறியின் சூக்ஷ்மமான ஒரு பிரச்னை, முஸ்லிம் அல்லாத வாடிக்கையாளரின் வீட்டுத் தவணையை முன்னிட்டு அந்நாட்டில் நிர்ணயம் பெற்றது.

சட்டத்தில் வங்கிகள் ஜயித்தன; நடைமுறையில் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. முன்கூட்டித் தீர்ப்பவருக்கு மீதிக்காலத்து லாபத்தைத் தள்ளிக் கொடுப்பது அதுவரையில் வங்கியின் தயவாக இருந்தது. 2011-இல் பேங்க் நெகாரா அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. எவ்வளவு தள்ளுவீர்கள், எழுத்தில் கொடுப்பீர்களா என்று வற்புறுத்துவதற்கு மார்க்க ஞானம் வேண்டியதில்லை. வட்டிக்கடையிலே வாதாடிப் பழகிய நாக்கு போதும். அந்தக் கேள்வியைப் பயன்படுத்திக்கொண்டவர்களில் முஸ்லிம்களும் உண்டு. இதற்கிடையே, வழக்குகளில் எழும் ஷரீஅத் சம்பந்தமான ஐயங்களிலே பேங்க் நெகாராவின் ஷரீஅத் ஆலோசனைச் சபை சொல்வது நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2009-ஆம் வருஷச் சட்டம் விதித்தது. நீதிபதியின் அதிகாரத்தை இது பறிக்கிறதா என்ற விவாதம் பத்து வருஷம் நடந்து, 2019-இல் கூட்டரசு நீதிமன்றத்திலே ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, அந்த விதி செல்லும் என்று முடிந்தது.

தவணை விலை முறைக்குப் பதிலாக இப்போது பெரும்பாலும் கையாளப்படும் தவர்ருக் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வருகின்றன. அதற்கென்று மலேசியப் பங்குச்சந்தை 2009 ஆகஸ்டிலே ஒரு சரக்குச் சந்தையைத் திறந்தது. அங்கே கைமாறும் முக்கியமான சரக்கு செம்பனை எண்ணெய். பணம் வேண்டுகிறவருக்கு வங்கி எண்ணெயை வாங்கித் தவணை விலைக்கு விற்கிறது. அவர் சார்பில் வங்கியே அதை ரொக்கத்துக்கு மூன்றாமவரிடம் விற்று, அந்த ரொக்கத்தை அவர் கணக்கில் சேர்க்கிறது. தாத்தா காலமெல்லாம் பிறர் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி, ஒரு மரத்துக்கும் சொந்தக்காரராகாமலே கண்ணை மூடினார். பேரன் வங்கிப் படிவத்தில் கையெழுத்திட்டு, தான் கண்ணால் காணாத டன் கணக்கான எண்ணெய்க்குச் சில நிமிஷம் அதிபதியாகிவிட்டு, கலியாணச் செலவுக்குப் பணத்தோடு வீடு திரும்புகிறான். தான் அதிபதியாக இருந்த விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். விழிப்புணர்வு என்று எதைச் சொல்கிறோமோ அது இங்கேதான் குறைவு என்று எனக்குப் படுகிறது. மாதத் தவணை எவ்வளவு என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். எதை வாங்கி எதை விற்றோம் என்பதைக் கேட்பார் சிலரே. பத்திரத்தைத் தமிழிலோ சீனத்திலோ படித்துக்காட்டுவதற்கு அரைமணி நேரம் ஒதுக்கும் உத்தியோகஸ்தர்கள் அதைவிடச் சிலரே.

கடல் கடந்து இங்கிலாந்திலும் இதே கதை சிறிய அளவில் நடந்தது. 2004-இல் பர்மிங்காமைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய இஸ்லாமிய வங்கிக்கு அங்கே ஒரு சங்கடம் ஏற்பட்டது: லாபநஷ்டத்தில் பங்கு கொள்வதாகச் சேரும் பணத்துக்கு நஷ்டமும் வரலாம் என்பது ஷரீஅத், வைப்புத்தொகை முழுமையாகத் திரும்ப வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். கடைசியில், முழுத்தொகையையும் பெறும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு, மார்க்கத்தை முன்னிட்டு வேண்டாம் என்று மறுக்கும் சுதந்திரமும் அவருக்கே உண்டு என்று சமரசம் செய்தார்கள். மற்ற வங்கிகளின் வட்டி பாதாளத்துக்குப் போயிருந்த வருஷங்களில், இந்த வங்கியின் கெடுவைப்புக் கணக்கு பத்திரிகைகளின் ஒப்பீட்டு அட்டவணையில் மேலேறியது. அதைப் பார்த்து முஸ்லிம் அல்லாத ஆங்கிலேயர்களும் கணக்குத் திறந்தார்கள்.

இங்கிலாந்தில் சமரசமாக முடிந்த அந்தப் பிரச்னையை மலேசியா 2013-ஆம் வருஷத்து இஸ்லாமிய நிதிச்சேவைச் சட்டத்தில் நேராகவே எதிர்கொண்டது. முதாரபா என்ற லாபப்பங்கு முறையிலே சேர்ந்த பணத்தை இனி வைப்புத்தொகை என்று சொல்லலாகாது. ஒன்று அது முதலீடு, அதற்கு உத்தரவாதமில்லை, காப்புறுதியுமில்லை. அல்லது அது வைப்பு, அதற்கு இரண்டும் உண்டு, லாபப்பங்கு இல்லை. 2015 நடுப்பகுதிக்குள் வாடிக்கையாளர் தம் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று வங்கிகள் கடிதம் அனுப்பின. எது வேண்டும் என்று குறியிட ஒரு படிவமும் வந்தது. லாபநஷ்டத்தைப் பணம் உடையவனும் உழைப்பவனும் சேர்ந்து சுமப்பதுதான் இஸ்லாமிய வர்த்தகத்தின் ஜீவன் என்று முப்பது வருஷமாகப் பண்டிதர்கள் எழுதிவந்த தேசம் அது. அவ்வங்கிகளின் வாடிக்கையாளரிலே பெரும்பான்மையோரும் முஸ்லிம்கள். கெடு முடிந்து எண்ணிப் பார்த்தபோது, பணத்தில் மிகப் பெரும்பகுதி உத்தரவாதமுள்ள வைப்புக் கணக்குகளிலேயே இருந்தது.